கனவானுக்கு மட்டும் திறக்கும் வாய்

கிளைவ் ஆக்லி மீசை நுனியை மெழுகு தொட்டு மேலே முறுக்கிக்கொண்டிருந்தான். இங்கிலாந்தின் ஹல் நகர டிப்போவில் பகலெல்லாம் பஸ் கழுவிய விரல்கள், சோப்பில் ஊறிச் சொன்னபடி கேட்கவில்லை. வயது ஐம்பத்தாறு.

சனிக்கிழமை மாலைகளில் மேடையில் அவன் சர் பெரிக்ரின் என்ற கனவான். முரட்டுக் கம்பளிக் கோட்டு, டை, ஒரு கண்ணுக்கு மட்டும் கண்ணாடி, கையில் பாஞ்சோ என்ற சின்னத் தந்தி வாத்தியம். பின்னால் ராப் தாளம் ஓட, பிரபு வீட்டு உச்சரிப்பில் தேநீரையும் கிரிக்கெட்டையும் கால்சட்டை மடிப்பையும் பற்றி அடுக்குவான். இந்த வேடிக்கைப் பாட்டுக்குச் சாப் ஹாப் என்று பெயர். கேட்பவர்களும் அதே கோலத்தில் வந்து, சிரித்துவிட்டுப் போவார்கள்.

அன்றும் சனிக்கிழமைதான்; ஆனால் அவனுக்குச் சிரிப்பு வரவில்லை. மறதி நோய் முற்றிய அம்மா பெரில், முந்தின நாளிலிருந்து எதுவும் சாப்பிடவில்லை.

"இன்னிக்கும் சாப்பிடலேன்னா நாளைக்கு ஆஸ்பத்திரிதான். அங்கேருந்து நேரா முதியோர் ஹோமுக்கு அனுப்பிடுவாங்க," என்றாள் அம்மாவைக் கவனிக்க வரும் நார்மா. "நீ பாட்டுக்கு மீசையை முறுக்கிட்டு இரு!"

கிளைவ் சூப்பை எடுத்துப் போனான். "ஒரே ஒரு வாய்மா."

"யாருடா நீ? போடா வெளியே!" பெரில் தட்டிவிட்டாள். பாதி சூப் அவன் போட்டிருந்த மேடைக் கோட்டில்.

அலுப்பில், மேடைக்கு வைத்திருந்த குரல் தானாக வந்துவிட்டது. "அம்மணி, தாங்கள் என் மேலங்கியைப் பாழாக்கிவிட்டீர்கள்."

பெரில் நிமிர்ந்து உட்கார்ந்தாள். இப்படிப் பேசும் கனவான்கள் தங்கிய ஹோட்டல் அறைகளை முப்பது வருஷம் துடைத்தவள்.

"மன்னிச்சிடுங்க சார். கவனிக்கலை."

வாசலில் நார்மா அப்படியே நின்றாள்.

"பாதகமில்லை. இந்த சூப்பைச் சற்று ருசி பார்த்துச் சொல்ல இயலுமா?"

பெரில் ஒரு வாய் குடித்துப் பார்த்தாள். "உப்பு கம்மி சார்." மிச்சத்தையும் குடித்து முடித்தாள். பிறகு தணிந்த குரலில், "எனக்கும் ஒரு பையன் இருக்கான் சார். பஸ் கழுவறான். எட்டிக்கூடப் பாக்கமாட்டான்."

"கண்டிக்கத்தக்கது," என்றான் கிளைவ்.

நிகழ்ச்சிக்கு வரவில்லை என்று போனில் சொன்னான். கோட்டைக் கழுவிப் போட்டுவிட்டுச் சோபாவில் சாய்ந்தவன் அப்படியே தூங்கிப்போனான்.

மறுநாள் காலை பைஜாமா மேலேயே டை கட்டினான். மீசையை முறுக்கினான். ஓட்ஸ் கஞ்சியில் உப்பு கொஞ்சம் கூடப் போட்டு, அம்மாவின் கதவைத் தட்டினான்.

"காலை வணக்கம், அம்மணி."

"உள்ளே வாங்க சார்."

கஞ்சி இறங்கியது. கிண்ணத்தைக் கழுவிக் கவிழ்த்தபின், மீசை மெழுகு டப்பாவை அம்மாவின் மாத்திரைப் பெட்டிக்குப் பக்கத்தில் கொண்டுபோய் வைத்தான்.