முதலில் நட்டவர்

மட்டாஞ்சேரியில் நான் வேலை பார்க்கும் மிளகுக் கிடங்குக்கு இடுக்கி மலையிலிருந்து ஒரு விவசாயி வருவார். ஒல்லியான உடம்பு. மிளகு ஒன்றைக் கடித்தபடியேதான் பேசுவார்.

வாட்டநோயில் அவருடைய கொடிகள் பாதி பட்டுப்போன வருடம், “நோய் தாங்குற புது இனம் வந்திருக்கே, நடலையா?” என்று கேட்டேன்.

“பக்கத்துத் தோட்டத்துச் சேட்டன் முதல்ல நடட்டும் சாரே. பிழைச்சா நானும் நடுறேன்.”

மறுவாரம் அந்தச் சேட்டனே வந்தார். அவரும் இவர் நடட்டும் என்றுதான் காத்திருந்தாராம்.

அடுத்த முறை வந்தபோது இருவரிடமும் தனித்தனியே, மற்றவர் சத்தமில்லாமல் நட்டுவிட்டதாகச் சொல்லிவைத்தேன்.

சில வருடம் கழித்து, அந்த ஒல்லி விவசாயி கொண்டுவந்த புது இன மிளகு திரட்சியாக இருந்தது.

“எங்க மலையிலேயே இதை முதல்ல நட்டது நான்தான் சாரே. எல்லாரும் பயந்து நின்னாங்க,” என்றார்.

அதை அவர் நம்பியேதான் சொன்னார் என்று இப்போதும் எனக்குத் தோன்றுகிறது.