கோட்டின் முதுகில் இருந்த பெயர்

கும்மிடிப்பூண்டியில் நான் வேலை பார்க்கும் பிளாஸ்டிக் கம்பெனியில் யார் நிரந்தரம், யார் கான்ட்ராக்ட் என்று அறிய முகத்தைப் பார்க்க வேண்டாம், முதுகைப் பார்த்தால் போதும். நிரந்தர ஆட்களின் கோட்டு வெறுமையாக இருக்கும். எங்கள் நீலக் கோட்டில் மட்டும், எங்களை வேலைக்கு அனுப்பும் ஏஜென்சியின் பெயர் ஒரு தோளிலிருந்து மறு தோள்வரை வெள்ளை எழுத்தில் அச்சடித்திருக்கும். மாட்டுக்குச் சூடு போடுவதைவிட இது ஒன்றும் மரியாதையான காரியம் இல்லை.

அதை நான் ஆறு வருடம் சுமந்தேன். போன வருடம் ஒரு சனிக்கிழமை, சூப்பர்வைசர் எங்களை நிற்க வைத்து ஏஜென்சி மாறிவிட்டது என்றார். திங்களன்று கஸ்டமர் ஆடிட்டுக்கு வருகிறாராம், பழைய பெயர் யார் முதுகிலும் இருக்கக் கூடாதாம். புதுக் கோட்டு அடுத்த மாதம்தான் வரும், அதுவரை அச்சை நீங்களே எடுத்துவிடுங்கள் என்றார். புடவையில் ஒட்டிய நாயுருவியை எடுக்கச் சொல்வதுபோல அவ்வளவு சுலபமாகச் சொன்னார்.

பழைய ஏஜென்சி எங்களை வேலைக்கு அனுப்பும் கான்ட்ராக்டரின் பெயரில் இருந்தது. புதியது அவர் மனைவி பெயரில். அதே ஆள், அதே கார், அதே இளிப்பு. மாறியது நாங்கள்தான். திங்களிலிருந்து நாங்கள் புதிதாகச் சேர்ந்தவர்கள். என்றாவது நிரந்தரம் ஆக்குவார்கள் என்று நம்ப என்னிடம் இருந்ததே அந்த ஆறு வருடம் மட்டும்தான். அதுவும் போயிற்று.

ஞாயிறன்று பக்கத்து வீட்டு அக்காவோடு உட்கார்ந்தேன். அவரும் என் லைனில்தான் பேக்கிங் செய்கிறார், வேலையில் எனக்கு நாலு வருடம் மூத்தவர். முதலில் அச்சின் மேல் செய்தித்தாளை விரித்து இஸ்திரிப் பெட்டியை அழுத்தினோம். பேப்பரில் சிரித்துக்கொண்டிருந்த யாரோ ஒரு தலைவரின் வாயில் ஏஜென்சியின் முதல் எழுத்து போய் ஒட்டிக்கொண்டது. இருவருக்கும் நல்ல பொருத்தம். மிச்சத்துக்கு, பெயின்ட் வேலை செய்யும் அவர் கணவரின் தின்னரை ஊற்றி, என் ஐடி கார்டின் விளிம்பால் சுரண்டினேன். அந்த கார்டு உருப்படியாக எனக்கு உதவியது அன்றுதான்.

துவைத்து மாடியில் காயப்போட்டுவிட்டு, மாலையில் எடுக்கப் போனோம். வெயிலிலும் சோப்பிலும் கோட்டு முழுக்க வெளுத்திருந்தது. எழுத்து மூடியிருந்த இடத்தில் மட்டும் துணி முதல் நாள் நீலத்திலேயே இருந்தது.

அக்கா கோட்டைத் தூக்கிப் பார்த்தார். “இன்னாடி இது, முன்ன வுட இப்பதான் பளிச்சுன்னு தெரிது.”

திங்கள் காலை சூப்பர்வைசருக்கும் அது தெரிந்தது. கத்திவிட்டு, கோட்டை உள்புறம் வெளியே வரும்படி திருப்பிப் போடச் சொன்னார். தையல் பிசிறும் பாக்கெட் பையும் வெளியே தொங்க நாற்பது பெண்கள் வரிசையாக நின்றோம். ஆடிட்டுக்கு வந்தவர் ஏன் இப்படி என்று கேட்டதற்கு, பொருளில் நூல் படாமல் இருக்க என்று சூப்பர்வைசர் சொன்னார். வந்தவர் தலையை ஆட்டி அதைக் குறித்துக்கொண்டார். படித்த மனிதர்.

அவர் போனதும் சேர்க்கைப் படிவம் கொடுத்தார்கள். ‘முன் அனுபவம்’ என்ற இடத்தில் ‘இல்லை’ என்று எழுத வேண்டும். எல்லோரையும் மனதுக்குள் கிழித்துக்கொண்டிருந்த நான், அழகான கையெழுத்தில் ‘இல்லை’ என்று எழுதினேன். அக்காவுக்குக் கையெழுத்துப் போட மட்டும்தான் தெரியும். அதனால் அவர் படிவத்திலும் நானே எழுதினேன்.

“இன்னா எழுதின?” என்றார்.

“இல்லன்னு எழுதினேன்க்கா.”

“பத்து வருசமா நான் இங்க இல்லியாடி?”

அவர் கையெழுத்துப் போட வேண்டிய இடத்தை விரலால் காட்டினேன்.