தெலுங்கில் கேட்டவர்

ஓசூரில் ஒரு தனியார் மருத்துவமனையின் எலும்பு அறுவைப் பிரிவுக்கு நான் தலைவனாக இருந்தேன். அதுவரை என்மீது ஒரு புகார்கூட எழுந்ததில்லை.

நோயாளிகளை அறுவை அரங்குக்குத் தள்ளிவரும் ஊழியர் ஒருவர் அங்கிருந்தார். ஒல்லியானவர், பச்சைத் தொப்பி புருவம்வரை இறங்கியிருக்கும். எந்தக் காலில் அறுவை என்று நோயாளியின் மொழியிலேயே கேட்பார். நோயாளி தொட்டுக் காட்டும்வரை வண்டியை நகர்த்தமாட்டார்.

அந்தச் சரிபார்ப்பைக் கணினித் திரையிடம் ஒப்படைக்கும் ஆய்வை நான் தொடங்கினேன். இனிக் கேட்க வேண்டாம் என்று அவரிடம் சொன்னேன்.

"திரைக்குத் தெலுங்கு வருமுங்களா சார்?"

செவிலியர்கள் சிரித்தனர்.

"உனக்கு வண்டி தள்ள வருமல்லவா? அது போதும்."

மறுவாரம் உத்தனப்பள்ளியிலிருந்து தெலுங்கு பேசும் முதிய விவசாயி ஒருவர் முழங்கால் அறுவைக்கு வந்தார். பதிவில் கால் மாறி ஏறியிருந்தது. "வலது கால்தானே?" என்று திரை தமிழில் கேட்டது. பெரிய டாக்டரான என் முன்னிலையில் எதற்கும் தலையாட்டுபவர் அவர், இதற்கும் ஆட்டினார். மயக்க மருந்து கொடுத்த பின் வாசலில் ஊழியரின் குரல் எழுந்தது.

"சார், வார்டுல இடது காலத்தானுங்க புடிச்சிக்கிட்டு இருந்தாரு."

"வெளியே போ" என்றேன். நல்ல காலைத் திறந்தேன்.

ஊழியர் குடித்துவிட்டு நோயாளியை மாற்றிக் கிடத்தினார் என்றது விசாரணை அறிக்கை. வேலை போன அன்று என் அறை வாசலுக்கு வந்தார்.

"அந்தப் பெரியவருக்கு இன்னொரு கால் எப்பங்க சார்?"

வேறொன்றும் கேட்கவில்லை.

அவர் குடித்திருந்ததாக இன்றும் அங்கே சொல்கிறார்கள். அவர் குடித்திருக்கவில்லை. அந்த அறிக்கையை எழுதியவன் நான்.