பவுனம்மாள் அக்கா போன மாதம் படித்த நாலு புத்தகம்

பழவேற்காடு மார்க்கெட்டில் என் நண்டுக் கூடைக்குப் பக்கத்துக் கடை பவுனம்மாள் அக்காவுடையது. கருவாட்டுக் கடை. பொன்னேரியில் பஸ் ஏறுகிறவனுக்கே அந்த வாசனை வழி சொல்லும். அக்காவுக்கு ஊர் பசியாவரம், படிப்பு அஞ்சாங்கிளாஸ். ஆனால் இந்த ஏரியைச் சுற்றி அவரைவிட அதிகம் படித்தவர் யாராவது உண்டென்றால் அது கலெக்டராகத்தான் இருக்கும். அவரும் இத்தனை தினுசாகப் படித்திருக்க மாட்டார்.

பழைய பேப்பர்க்காரர் மாதம் ஒரு கட்டு கொண்டுவந்து போடுவார், கருவாடு கட்ட. அதில் நாலைந்து புத்தகமும் கிடக்கும். அக்கா ஒரு தாளைப் படித்து முடித்த பிறகுதான் கிழிப்பார். எதிரில் ஆயிரம் பேர் நின்றாலும் சரி. நெத்திலி வாங்க வந்தவர்கள் கதையும் கேட்டுப் போவார்கள். கல்யாணம் நிச்சயமான பக்கம் ஒரு வீட்டுக்குப் போகும், மாப்பிள்ளை ஓடிப்போன பக்கம் இன்னொரு வீட்டுக்குப் போகும். மீதிக் கதை வேண்டுமென்றால் மறுபடி கால் கிலோ வாளை வாங்க வேண்டும்.

போன மாதக் கட்டில் முதலில் கிடைத்தது ஒரு காதல் கதை. அதில் வருகிற பெண் முந்நூறு பக்கம் அழுகிறாள். அந்தக் கண்ணீரை இங்கே விட்டிருந்தால் தூர்ந்துபோன முகத்துவாரம் தானே திறந்திருக்கும். கடைசிப் பத்துப் பக்கத்தைக் கரையான் தின்றுவிட்டது. கல்யாணம் ஆச்சா இல்லையா என்று கரையானைத்தான் கேட்க வேண்டும் என்றார் அக்கா. அடுத்தது உடம்பு இளைக்கச் சமையல் குறிப்பு. எங்கள் பக்கம் இளைப்பதற்குப் புத்தகமா வேண்டும், மீன்பிடித் தடைக்காலம் போதாதா? மூணாவது, பணக்காரன் ஆவது எப்படி என்று ஒருவர் எழுதியது. அப்படி வழி தெரிந்தவர் புத்தகம் என் கருவாட்டுக்கு ஏன் வருகிறது என்று அக்கா கேட்டார். பதில் சொல்ல அந்த ஆள் அங்கே இல்லை.

நாலாவதுதான் வில்லங்கம். அட்டை இல்லாத புத்தகம். இந்த ஏரியில் மீன் பிடிக்கிறவர்களைப் பற்றியது. அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை, மெட்ராஸிலிருந்து வந்த கூட்டம் மொய்த்தது. எனக்குத் தெரிந்து முதல் தடவையாக அக்கா படிக்காமலே கிழித்தார்.

மூணு மணிக்குக் கூட்டம் அடங்கியதும் மிச்சத்தை எடுத்துப் புரட்டினார். ஒரே வரியை ரெண்டு தடவை படித்தார். தாளை என்னிடம் நீட்டினார். நான் எழுத்துக் கூட்டி ஒரு வரி படிப்பதற்குள் ஈர வலை காய்ந்துவிடும். இருந்தாலும் படித்தேன். 'முந்தைய பக்கத்தில் சொன்ன கருவாட்டுக்காரப் பெண், அந்தப் பொய்ச் சத்தியத்தை நினைத்து இன்றும் தூங்குவதில்லை' என்று இருந்தது. முந்தைய பக்கம் இல்லை. விற்றுப் போயிருந்தது.

எங்கள் ஏரியில் நினைத்த இடத்தில் வலை போட முடியாது. பாடு என்று ஒரு முறை உண்டு. எந்த நாள், எந்த இடம், யாருக்கு என்று ஊர்க்கூட்டம்தான் குறித்துக் கொடுக்கும். அடுத்தவன் பாட்டில் வலை போட்டால் ஒரு வருஷம் பட்டியலில் பெயர் இருக்காது. பதினாலு வருஷத்துக்கு முன்னால் ஒரு விடியலில் அப்படி யாரோ போட்டிருந்தார்கள். சந்தேகம் ரெண்டு பேர் மேல் வந்தது. ஒருவர் அக்காவின் புருஷன் செங்கல்வராயன், இன்னொருவர் அவருக்குப் பங்காளி முறையான தனசேகர். பெண்களுக்கு அந்தக் கூட்டத்தில் இடமில்லை, சத்தியம் பண்ண மட்டும் கூப்பிடுவார்கள். அக்கா அம்மன் எதிரில் உள்ளங்கையில் கற்பூரம் ஏற்றி, என் புருஷன் வீட்டில் படுத்திருந்தார், தனசேகர் படகு போனதைக் கண்ணால் பார்த்தேன் என்றார். பட்டியலிலிருந்து தனசேகர் பெயர் போனது. படகு கரையிலேயே கிடந்து உளுத்தது. அவர் மெட்ராஸ் துறைமுகத்தில் மூட்டை தூக்கி, இடுப்பு ஒடிந்து ஊர் திரும்பினார்.

செங்கல்வராயன் காமாலையில் செத்த பிறகு, ஆராய்ச்சி என்று ஹேமாவதி என்ற ஒரு பெண் வந்து அக்கா வீட்டில் ஒரு மாதம் தங்கினாள். அவளிடம் மட்டும், அன்றைக்கு வலை போட்டது தன் புருஷன்தான் என்ற உண்மையை அக்கா சொல்லியிருக்கிறார். மெட்ராஸ்காரியிடம் சொன்னால் கடலில் போட்ட கல் என்று நினைப்பு. அந்தக் கல் பத்து வருஷம் கழித்து, அவள் எழுதிய புத்தகமாகக் கருவாட்டைச் சுற்றிக்கொண்டு கரையேறிவிட்டது. எனக்கே அன்றைக்குத்தான் தெரியும்.

"போனவரு போய்ட்டாரு. பட்டியல்ல இப்போ என் புள்ள இளவழகன் பேரு இருக்குது. அது போய்டும்டா" என்றார்.

கடைசியாக வாங்கியது பசியாவரத்து ஆட்கள் மூன்று பேர் என்பது அவருக்கு நினைவிருந்தது. மறுநாள் காலையில் கெட்டுப்போன கருவாட்டைத் திருப்பி வாங்குகிறோம் என்று சொல்லிக்கொண்டு கிளம்பினோம். உலகத்திலேயே அப்படி ஒரு வியாபாரி கிடையாது. முதல் வீட்டில் தாள் அடுப்புக்குப் போயிருந்தது. ரெண்டாவது வீட்டில் வந்தது வேறு பக்கம். மூணாவது தனசேகர் வீடு.

தாள் சுவரில் ஒட்டியிருந்தது. அதில் ஒரு படகின் போட்டோ. கரையில் சாய்ந்து கிடக்கிற அவருடைய படகு. அதற்கு வேறு படமே கிடையாது.

தனசேகருக்கு எழுத்து தெரியாது. எங்களைப் பார்த்ததும் முகமெல்லாம் பல்.

"வா அண்ணி. என் படகு புஸ்தகத்துல வந்துக்குது பாரு. இன்னா எழுதிக்கிறாங்கனு படி."

அக்கா கிட்டே போய் நின்றார். இந்த ஏரியிலேயே வேகமான படகு இது என்று படித்தார். தனசேகர் தொடையில் தட்டிச் சிரித்தார். புயலுக்கே பயப்படாத படகு என்று அக்கா மேலும் படித்தார். அதோடு அக்காவிடம் பொய் தீர்ந்துபோனது.

"அவ்ளோதானா? எழுத்து இன்னும் எறும்பு மாதிரி இருக்குதே. நான் ஒரு வருசம் வெளிய நின்னது போட்டுக்குதா?"

அக்கா என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

"போட்டுக்குது" என்றார் அக்கா. பிறகு முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை ஒன்று விடாமல் படித்தார். காதல் கதையைக்கூட அவ்வளவு தெளிவாக அவர் படித்ததில்லை.

தனசேகர் சுவர்கிட்டே வந்து படகின் மேல் விரலை வைத்தார்.

"அன்னிக்குக் கையில கற்பூரம் ஏத்துனியே அண்ணி. சுடலியா?"

"சுட்டுச்சு."

"இந்தப் படம் இல்லன்னா எங்கிட்ட சொல்லிருப்பியா?"

"சொல்லிருக்க மாட்டேன்."

அவர் தாளின் நாலு முனையையும் நகத்தால் கிளப்பி, கிழியாமல் எடுத்தார். மடித்து அக்கா கையில் கொடுத்தார்.

"எனக்குப் படிச்ச மாதிரியே ஊருக்கும் படி."

அந்த வெள்ளிக்கிழமை கூட்டம். பதினாலு வருஷத்துக்குப் பிறகு அக்காவை ரெண்டாவது தடவையாகக் கூப்பிட்டார்கள். அம்மன் எதிரில் நின்று அக்கா திக்காமல் படித்தார். இளவழகன் பெயரை ஒரு வருஷத்துக்கு எடுத்தார்கள். தனசேகர் வேண்டாம் என்றும் சொல்லவில்லை, சந்தோஷப்படவும் இல்லை. இழந்த வருஷத்தை எப்படித் திருப்பித் தருவது என்று கூட்டத்தில் ஒருத்தரும் பேசவில்லை. கலையும்போது தனசேகர் படத்தை மட்டும் கேட்டு வாங்கிக்கொண்டார். இப்போது அது மறுபடி சுவரில் இருக்கிறது.

இளவழகன் மறுநாளே மெட்ராஸ் துறைமுகத்துக்குப் போய்விட்டான், தனசேகர் போன அதே வேலைக்கு. போகும்போது அம்மாவிடம் சொல்லிக்கொள்ளவில்லை.

இந்த மாதக் கட்டு வந்து பத்து நாளாகிறது. அதிலும் நாலு புத்தகம். அக்கா தலைகீழாகப் பிடித்துக்கொண்டு கிழிக்கிறார். நேற்று ஒரு அம்மா வந்து, போன மாதம் அழுத அந்தப் பெண்ணுக்குக் கல்யாணம் ஆச்சா என்று கேட்டார். கரையான் கதையை அக்கா எடுத்துவிடுவார் என்று நான் காத்திருந்தேன்.

"எனக்குப் படிக்கத் தெரியாதும்மா" என்றார் அக்கா. சொல்லிவிட்டு நெத்திலியை நிறுத்தார்.