ஒன்பது மணியில் நிற்கும் திருகு

மேட்டுத் தெருவில் குழாய்த் தண்ணீர் கொஞ்சம் மெலிந்து வந்தால் போதும், மகாராஜனின் தலை உருளும். பாளையங்கோட்டையில் நாலைந்து தெருக்களுக்கு வால்வு திறக்கிறவர் அவர். விடியற்காலையில் சைக்கிளில் நீள இரும்புச் சாவியைக் கட்டிக்கொண்டு போய், ரோட்டோரக் குழிக்குள் குனிந்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு திருகுவார். பாதி திறந்தால் தண்ணீர் மேட்டுக்கு ஏறாது. அதனால் எந்தத் திருகானாலும் கடைசிச் சுற்றுவரை திறந்து பழகிய கை அது, ஒரு நாள் இரண்டு நாள் இல்லை, முப்பது வருஷம். இதைக் கொஞ்சம் மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

சாயங்காலமானால் அதே கை எலெக்ட்ரிக் கிட்டார் பிடிக்கும். இந்தப் பக்கத்தில் அம்மன் கோயில் கொடைத் திருவிழா என்றால் கச்சேரி இல்லாமல் நடக்காது. சிவசங்கரன் நடத்துகிற இன்னிசைக் குழுவில் மகாராஜன்தான் கிட்டார். பாடுகிறவர்களுக்கு மாலை விழும், பொன்னாடை விழும். ஓரத்தில் நிற்கும் கிட்டார்க்காரரின் முகம் யாருக்கு ஞாபகம் இருக்கும்? மேடையிலிருந்து இறங்கினால் அவர் மறுபடியும் வால்வுக்காரர்தான்.

ஒரே ஒரு ஆள் மட்டும் அவரை விட்டுக் கண்ணெடுக்க மாட்டாள். அது பாக்கியவதி, அவர் சம்சாரம். கல்யாணமான புதிதில் பக்கத்து ஊர்க் கச்சேரிகள் ஒன்றையும் விடாமல் வந்து முன்வரிசையில் உட்கார்ந்துகொள்வாள். பாராட்டுவாள் என்றா நினைக்கிறீர்கள்? பஸ்ஸில் திரும்பி வரும்போதே ஆரம்பித்துவிடுவாள். "நாலாவது பாட்டுல ஒரு எடத்துல கை தடுமாறிச்சுல்லா? யாரும் பாக்கலைன்னு நெனச்சியளோ?" மகாராஜனுக்குச் சுரீர் என்று கோபம் வரும். ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொள்வார். சொன்னது சரியாகத்தான் இருக்கும், அதுதான் இன்னும் எரிச்சல்.

அந்தக் காலத்தில், வண்ணாரப்பேட்டை வாடகை வீட்டில், அவளுக்காக அவரே ஒரு மெட்டுப் போட்டார். அதற்கு வார்த்தை கிடையாது, பெயர் கிடையாது. அவர்கள் இரண்டு பேரைத் தவிர ஊரில் வேறு ஒருவருக்கும் அது தெரியாது.

பிறகு ஒரு கட்டத்தில் பாக்கியவதி குறை சொல்வதை நிறுத்திவிட்டாள். எது வாசித்தாலும் தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து, லேசாகச் சிரித்து, "நல்லா இருக்கு" என்பாள். நம் ஆள் என்ன நினைத்தார் தெரியுமா? வாசிப்பு தேறிவிட்டது என்று நினைத்தார்! கொஞ்ச காலம் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டுகூடத் திரிந்தார். ஒரு நாள் அடுப்படியில் குக்கர் ஏழாவது விசிலும் அடித்து ஓய்ந்தது. பக்கத்திலேயே வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த பாக்கியவதி திரும்பிப் பார்க்கவேயில்லை. மகாராஜன்தான் எழுந்து போய் அடுப்பை அணைத்தார்.

காது நரம்புத் தளர்ச்சி, கேட்பது பையப் பையக் குறைந்துகொண்டே போகும் என்றார் டாக்டர். காது மிஷின் வைத்துக்கொள்ளச் சொன்னதற்கு அவள் ஒத்துக்கொள்ளவில்லை. அதன் பிறகும் மகாராஜன் வீட்டில் வாசித்தார், அவளும் எதிரே உட்கார்ந்து தலையாட்டினாள். அவளுக்குக் கேட்கவில்லை என்பது அவருக்குத் தெரியும். அவருக்குத் தெரியும் என்பது அவளுக்கும் தெரியும். இரண்டு பேரும் வாய் திறந்து அதைச் சொல்லிக்கொள்ளவே இல்லை. இப்படியே பதினோரு வருஷம் ஓடிவிட்டது.

இந்தப் பங்குனியில் கோயம்புத்தூரிலிருந்து மகள் வந்தாள். வந்தவள் அம்மாவோடு இரண்டு நாள் மல்லுக்கட்டி, கையோடு கூட்டிப்போய் காது மிஷின் வைத்துவிட்டுத்தான் ஊருக்குப் போனாள். பாக்கியவதி முதலில் மிக்சி சத்தத்தைக் கேட்டு மிரண்டாள். அப்புறம் கொல்லையில் தையல்சிட்டு கத்துவதைக் கேட்டு அழுதாள். அன்று ராத்திரி சாப்பாடு போடும்போது சொன்னாள்:

"சித்திரை கடைசிச் செவ்வாய்ல பத்தமடைப் பக்கம் கொடைக் கச்சேரி இருக்குல்லா? நானும் வாரேன். அதுவரைக்கும் வீட்டுல வாசிக்காதிய. மொதமொதல்ல மேடையில வச்சே கேக்கேன்."

மகாராஜனுக்கு அதற்கு மேல் சோறு இறங்கவில்லை. சந்தோஷம் பாதி, பயம் பாதி. பதினோரு வருஷம் கழித்துக் கேட்கப் போகிறாள், அவள் காதில் விழப்போவது அந்தப் பழைய சிவப்புக் கிட்டாரின் வறட்டுச் சத்தமா? செல்போனில் பார்க்கிற பையன்கள் எல்லாம் ஒரு கம்பியைத் தட்டினால் அது மண்டபம் முழுக்க மிதக்கிறதே, அப்படி இருக்க வேண்டாமா?

மறுநாளே ஜங்ஷனில் சித்ரலேகாவின் இசைக்கருவிக் கடைக்குப் போனார். அப்பாவுக்குப் பிறகு கடையைப் பார்த்துக்கொள்கிற பெண். அவளே நன்றாக வாசிப்பாள்.

"ஒரு எக்கோ பெட்டி வேணும்மா" என்றார்.

"எக்கோவா ரிவெர்பா, அண்ணாச்சி?"

"ரெண்டும் ஒண்ணுதான?"

"எங்க ஒண்ணு? எக்கோன்னா நீங்க கூப்பிட்டது அப்படியே திரும்பி வரும். ரிவெர்புன்னா சத்தம் நின்ன பொறகும் அந்த எடத்துலயே கொஞ்ச நேரம் தங்கி இருக்கும். கோயில் பிரகாரத்துல யாரும் இல்லாத நேரம் கை தட்டிப் பாருங்க, தெரியும்."

"அதுதாம்மா! அதுதான் வேணும்."

கண்ணாடிப் பெட்டிக்குள் பன்னிரண்டு விதச் சத்தம், எட்டுத் திருகு, பளபளவென்று, காலால் மிதித்து இயக்குகிற ஒரு பெடல் இருந்தது. மகாராஜன் கை தானாக அதற்குத்தான் போனது. சித்ரலேகா அதை எடுத்துத் தரவில்லை. பக்கத்தில் இருந்த மூன்று திருகுச் சின்னப் பெடலை எடுத்து வைத்தாள்.

"மேடையில இருட்டுல குனிஞ்சு எட்டுத் திருகத் தேடிக்கிட்டு இருப்பியளா? இது போதும். முதல் திருகு, சத்தம் எவ்வளவு நேரம் தங்கணும். ரெண்டாவது, அது கூர்மையா இருக்கணுமா மங்கலா இருக்கணுமா. மூணாவதுதான் முக்கியம். உங்க கிட்டார் எவ்வளவு, இது எவ்வளவுன்னு கலக்குதது. கடிகார முள்ளு மாதிரி வச்சுக்கோங்க. ஏழு மணியில ரிவெர்பு கொஞ்சங்கூட இருக்காது. அங்கன இருந்து பையத் திருப்பி, காதுல பட்டும் படாமலும் வந்த ஒடனே நிறுத்திருங்க. ஒம்பது மணி தாண்டாது. வேற பெடல் வச்சிருந்தா, எல்லாத்துக்கும் கடைசியில இத மாட்டணும்."

"திருகு விஷயத்த எனக்கா சொல்லித் தார?" என்று சிரித்தார் மகாராஜன். அவளும் சிரித்தாள். சிரித்ததோடு சரி, சொன்னது ஒன்றும் மண்டையில் ஏறவில்லை.

வீட்டில் வாசிக்கக் கூடாதல்லவா? தினமும் வேலை முடிந்ததும் ஆற்றங்கரை நீரேற்று நிலையத்துக்குப் போனார். மோட்டார் ஓடாத நேரமாகப் பார்த்து, வெளியே மணலில் பேட்டரி ஸ்பீக்கரை வைத்து, பெடலை மிதித்தார். சுற்றிலும் சுவரில்லாத வெட்டவெளி. ஒன்பது மணியில் வைத்தால் இருக்கிறதா இல்லையா என்றே தெரியவில்லை. பன்னிரண்டுக்குப் போனார், மூன்றுக்குப் போனார், போதவில்லை. முப்பது வருஷத்துக் கை சும்மா இருக்குமா? மூன்று திருகையும் கடைசிவரை திறந்துவிட்டது. ஆஹா, ஆற்றின் மேலே சத்தம் படர்ந்து படர்ந்து போனது! மகாராஜனுக்குக் கண் கலங்கிவிட்டது.

இதில் ஒரு பெரிய விஷயத்தை மறந்துவிட்டார். அதன் பெயர் காஜா முகைதீன்.

காஜா முகைதீன் மேலப்பாளையத்துக்காரர். குழுவின் எல்லாக் கச்சேரிக்கும் மைக் செட் அவருடையதுதான். அவருடைய பெருமை எக்கோ. பாட்டானாலும் சரி, காணாமல் போன குழந்தையைப் பற்றிய அறிவிப்பானாலும் சரி, எக்கோ போடாமல் வெளியே விட மாட்டார். ஊர்க்காரர்களுக்கும் அப்படித்தான் வேண்டும், எக்கோ குறைந்தால் மைக் செட் பழசு என்பார்கள். போதாக்குறைக்கு நாலு தெருவிலும் குழாய் ஸ்பீக்கர் கட்டுவார். ஒவ்வொரு தெருவிலிருந்தும் சத்தம் ஒவ்வொரு நேரத்துக்கு வந்து சேரும். இருபத்தைந்து வருஷம் இதற்குள்ளேயே நின்று வாசித்த மனிதருக்கு அது நினைவுக்கே வரவில்லை, பாருங்கள்.

கொடை அன்று சாயங்காலம் ஆறரைக்கே கச்சேரி தொடங்கியது. பாக்கியவதி மாம்பழக்கலர்ப் பட்டுச் சேலையில், பெண்கள் பக்கம் முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தாள். முடியை இழுத்துவிட்டுக் காது மிஷினை மறைத்திருந்தாள். மூன்று பாட்டு முடிந்ததும் சிவசங்கரன், ஏற்கெனவே கேட்டுக்கொண்டபடி, "அடுத்து நம்ம மகாராஜன் அண்ணாச்சி கிட்டார்ல தனியா ஒரு மெட்டு வாசிப்பாங்க" என்று அறிவித்தார்.

மகாராஜன் பெடலை மிதித்தார். அவளுடைய மெட்டைத் தொடங்கினார்.

முதல் சுரம் அடங்குவதற்குள் இரண்டாவது வந்து அதன் மேல் விழுந்தது. அதன் மேல் காஜாவின் எக்கோ, அதன் மேல் நாலு தெரு. ஊரே ஒரு பெரிய குடத்துக்குள் இருப்பது போல முழங்கியது. இளவட்டங்கள் விசில் அடித்தார்கள். மகாராஜன் நிமிர்ந்து முன்வரிசையைப் பார்த்தார்.

பாக்கியவதி தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து, லேசாகச் சிரித்து, ஆட்டிக்கொண்டிருந்தாள்.

அவருக்குத் தெரியாத தலையாட்டலா அது? பதினோரு வருஷம் எதிரே உட்கார்ந்து பார்த்ததாயிற்றே. அவளுக்கு ஒன்றும் விளங்கவில்லை. அவர் மனம் நோகக் கூடாதென்று ஆட்டுகிறாள். மிஷின் வைத்துக்கொண்டும், பட்டுச்சேலை கட்டிக்கொண்டும், மறுபடியும் அதே பொய். மகாராஜனின் கை நின்றுவிட்டது. கை நின்ற பிறகும் சத்தம் தன் பாட்டுக்கு ஓடிக்கொண்டே இருந்தது.

பெடலை மிதித்து அணைத்தார். கிட்டாரைக் கழற்றி வைத்துவிட்டு மேடையோரத்துப் படியில் இறங்கி காஜாவிடம் போனார்.

"பாய், எக்கோவ எடும் வே."

"என்ன வே சொல்லுதீரு? நல்லாத்தான வருது! எக்கோ இல்லாம மைக் செட்டா? நாளைக்கு ஒருத்தன் என்னக் கூப்பிடுவானா?"

"பாக்கியம் வந்திருக்கா வே. காது மிஷின் வச்சுக்கிட்டு, பதினோரு வருஷத்துக்குப் பொறவு கேக்க வந்திருக்கா. அவளுக்கு ஒண்ணும் பிரிஞ்சு விழல. சும்மா தலையாட்டுதா."

காஜா முகைதீன் பெண்கள் பக்கம் எட்டிப் பார்த்தார். அவள் இன்னும் அதே சிரிப்போடுதான் இருந்தாள். மனிதர் எக்கோ திருகைத் தன் கையாலேயே பூஜ்யத்துக்குக் கொண்டுவந்தார். நாலு தெருக் குழாய்களையும் அணைத்தார். "போதும், போய் வாசியும்" என்றார்.

மகாராஜன் முதலிலிருந்து தொடங்கினார். மொட்டையான, வறட்டுக் கிட்டார் சத்தம். "என்னப்பா, செட்டு படுத்துட்டா?" என்று பின்னாலிருந்து யாரோ கத்தினார்கள். அவர் காதில் வாங்கவில்லை. முன்வரிசையில் தலையாட்டல் நின்றுவிட்டது. சிரிப்பும் நின்றுவிட்டது. பாக்கியவதி முன்னால் குனிந்து, மடியில் இரண்டு கையையும் இறுகக் கோத்துக்கொண்டு, அசையாமல் இருந்தாள். அதைப் பார்த்த படபடப்பில் இரண்டாவது சுற்றில் அவர் விரல் ஓர் இடத்தில் வழுக்கியது. சமாளித்து வாசித்து முடித்தார். கை தட்டியவர்களை எண்ணிவிடலாம்.

கொடைக் கச்சேரியில் கூட்டத்திலிருந்து துண்டுச் சீட்டு வரும். இந்தப் பாட்டு வேண்டும், அந்தப் பாட்டு வேண்டும் என்று எழுதியிருப்பார்கள். குழுத்தலைவர் அதை மைக்கில் வாசிக்க வேண்டும், அது வழக்கம். காஜாவின் எக்கோ திரும்பி வந்து, அடுத்த இரண்டு பாட்டும் முடிந்ததும் சிவசங்கரன் சீட்டுகளைப் பிரித்தார். மூன்றாவது சீட்டில் கொஞ்சம் திகைத்தார். பிறகு சிரித்துக்கொண்டே உரக்க வாசித்தார்:

"கிட்டார் வாசிப்பவருக்கு. இரண்டாவது சுற்றில் மேலே போய் இறங்கும் இடம் தப்பு. மறுபடி வாசிக்கவும். இப்படிக்கு, பாக்கியவதி."

கூட்டம் கொல்லென்று சிரித்தது. "அண்ணாச்சி மாட்டிக்கிட்டாங்க!" என்று யாரோ கூவினார்கள். மகாராஜனும் சிரிக்கத்தான் பார்த்தார், முடியவில்லை. அத்தனை பேருக்கு முன்னால், கிட்டாரைக் கட்டிக்கொண்டு, ஐம்பத்து நாலு வயது ஆள் அழுதார். அந்த மெட்டில் தப்பு கண்டுபிடிக்க உலகத்தில் ஒரே ஒரு ஆளால்தான் முடியும். அந்த ஆளுக்குக் கேட்டுவிட்டது. யாரும் சொல்லாமலே காஜா முகைதீன் மறுபடி எக்கோவை இறக்கி வைத்தார். மகாராஜன் கண்ணைத் துடைத்துக்கொண்டு, அந்த இடத்தைச் சரியாக வாசித்தார்.

ஞாயிற்றுக்கிழமை வீட்டில் பெடலை நடுக்கூடத்தில் வைத்தார்கள். இந்தத் தடவை திருகில் அவர் கை வைக்கவில்லை. அவர் வாசிக்க, பாக்கியவதி சம்மணம் போட்டு உட்கார்ந்து மூன்றாவது திருகை ஏழு மணியிலிருந்து பையத் திருப்பினாள். "இதுக்கு மேல போனா மசமசங்குது. இங்கன போதும்" என்று நிறுத்தினாள். ஒன்பது மணிக்கு ஒரு நூல் முன்னால் நின்றது. மகள் விட்டுப்போன நகப்பாலிஷை எடுத்து வந்து அந்த இடத்தில் ஒரு சிவப்புப் பொட்டு வைத்தாள். இனி எந்தக் கச்சேரியிலும் அதைத் தாண்டக் கூடாது என்றும் கண்டிப்பாகச் சொன்னாள்.

மகாராஜன் அந்த மெட்டை முழுதாக வாசித்தார். முடிந்ததும் அவள், கடைசிச் சுரம் கூடத்தில் தங்கியிருந்து அடங்கும்வரை காத்திருந்தாள்.

"நல்லா இருக்கு" என்றாள்.

பதினோரு வருஷத்தில் முதல் தடவையாக அவர் அதை நம்பினார்.