அத்திமரத்துக்கு ஆறு குடம்

என் இரத்தத்தில் இரும்பு குறைந்துவிட்டதென்றும் அத்திப்பழம் சாப்பிட்டால் நல்லதென்றும் மருத்துவர் சொன்னபோது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எழுபதை நெருங்கும் ஒருத்தி பழத்தின் பெயரைக் கேட்டுச் சிரித்தால், இரும்பு மட்டுமன்றி வேறேதோ ஒன்றும் குறைந்துவிட்டதென்றுதான் அவர் எண்ணியிருப்பார். அன்று மாலையே ஆம்பூர்க் கடைத்தெருவில் உலர்பழக் கடையொன்றின் முன் நின்றேன். கயிற்றில் கோத்த தட்டைப் பழங்களைக் கடைக்காரர் எடுத்து நீட்டினார். "அஞ்சீர் எடுத்துக்குங்கம்மா. நம்ம கிட்ட மால் சுத்தம்" என்றார். ஒன்றைப் பிய்த்து வாயில் போட்டுக்கொண்டேன். போட்ட கையோடு உதட்டின் ஓரத்தைத் தடவிப் பார்த்தேன். ஐம்பத்தைந்து ஆண்டுப் பழக்கம் அவ்வளவு எளிதில் விடுமா?

பச்சை அத்தியைக் காம்போடு கிள்ளினால் பால் வடியும். அந்தப் பால் பட்ட உதடு மூன்று நாள் எரியும். இந்தத் தாவரவியல் உண்மையை நான் எந்தப் புத்தகத்திலும் படிக்கவில்லை. வெள்ளைக்காரன் ஆட்சியில், இதே ஆம்பூரில் கன்னியர் நடத்திய ஒரு பெண்கள் பள்ளியில், எட்டாம் வகுப்புப் படித்த ஆண்டில் நேரடி ஆராய்ச்சியால் அறிந்தேன்.

கலவைக்குப் பக்கத்திலிருந்து என்னை அந்தப் பள்ளியின் விடுதியில் கொண்டுவந்து விட்டவர் என் தந்தை. அவர் உபதேசியார், ஊர் ஊராகச் சென்று ஞானோபதேசம் கற்பிப்பவர். என் பெட்டியில் இரண்டு பாவாடைகளும் ஒரு செபமாலையும் இருந்தன. தலையில் ஞானோபதேசம் முழுவதும் இருந்தது. ஆனால் மூக்குக்கு அவர் எதையும் கற்பித்து அனுப்பவில்லை. பள்ளிச் சுவரை ஒட்டித் தோல் பதனிடும் தொழிற்சாலை. ஊறும் தோலும் சுண்ணாம்பும் ஆவாரம்பட்டையும் கலந்த வாடை வேத வகுப்பிலும் வரும், சோற்றிலும் வரும். முதல் வாரம் முழுவதும் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டே திரிந்தேன். அதைப் பார்த்து முதலில் வாயைத் திறந்தவள் சவுரியம்மாள்.

"இன்னாடி, மூக்கு மட்டும் மகாராணி ஊட்டுதா? நாலு நாள் போனா அதுவும் எங்க தெருவுதாயிடும்."

அவள் என் வகுப்பு. விடுதியில் தங்காமல் அந்தத் தொழிற்சாலைக்குப் பின்னாலிருந்த தெருவிலிருந்து நடந்து வருபவள். தகப்பன் சுண்ணாம்புக் குழியில் இறங்கி வேலை செய்தார். தாய் ஆவாரம்பட்டை இடித்தாள். எட்டாம் வகுப்பு முடிந்ததும் தாயின் பக்கத்தில் இவளுக்கும் ஓர் உலக்கை காத்திருந்தது. அதிலிருந்து தப்ப ஒரே ஒரு வழி உண்டு. ஆண்டுதோறும் சேவையில் சிறந்த மாணவி ஒருத்திக்குப் பள்ளியில் பதக்கம் கொடுப்பார்கள். பதக்கம் வெறும் பித்தளைதான். ஆனால் அதைப் பெறுபவளைக் கன்னியரே தம் செலவில் ஆசிரியப் பயிற்சிக்கு அனுப்புவார்கள். சவுரியம்மாள் அந்தப் பதக்கத்தைப் பற்றி ஒரு நாளும் பேசியதில்லை. அது வைத்திருந்த கண்ணாடி அலமாரியைக் கடக்கும்போது மட்டும் அவள் நடை சற்றுத் தளரும்.

சேவையைச் சொன்னேன், இனித் திருட்டைச் சொல்ல வேண்டும். கோயிலுக்கும் கிணற்றுக்கும் நடுவே பங்குச் சுவாமியாரின் அத்திமரம் நின்றது. அவர் பிரெஞ்சு நாட்டவர். தமிழைப் புதுச்சேரியில் ஒரு புலவரிடம் பயின்றவராதலால் தோட்டக்காரரிடமும் செந்தமிழே பேசுவார். தோட்டக்காரர் பயந்து கைகட்டி நிற்பார். அந்த மரத்தை அவர் தம் தாயார் வீட்டுத் தோட்டத்திலிருந்து குச்சியாகக் கப்பலேற்றிக் கொண்டுவந்ததாகச் சொல்வார்கள். காலையும் மாலையும் அதைச் சுற்றி வந்து காய்களை எண்ணுவார்.

எண்ணப்படும் பழத்தைத் திருடுவதெப்படி? இங்கேதான் என் தந்தையின் உபதேசம் எனக்குக் கைகொடுத்தது. செய்த பாவத்தை வாய்விட்டுச் சொல்லும் பாவசங்கீர்த்தனத்தில் கேட்டதைக் குருவானவர் யாரிடமும் சொல்லலாகாது. அதைக் கொண்டு யாரையும் தண்டிக்கலாகாது. கேட்டதாக முகத்திலும் காட்டலாகாது. மற்றப் பிள்ளைகள் இதை மனப்பாடம் செய்தார்கள். நான் யோசித்தேன். திருடியவளே முந்திக்கொண்டு போய்ச் சொல்லிவிட்டால், சுவாமியாரின் வாய்க்குப் பூட்டுப் போட்டதாகிவிடுமன்றோ?

ஒரு வெள்ளிக்கிழமை மாலை மூன்று பழங்களைத் தின்றேன். சனிக்கிழமை காலை, அவர் மரத்தைச் சுற்றுமுன்னரே நடுவே துளைப்பலகை வைத்த பாவசங்கீர்த்தனத் தொட்டியின் முன் முழந்தாளிட்டேன். பழக் கணக்கைச் சொல்லி முடித்தேன். பலகைக்கு அப்பாலிருந்து ஒரு மெல்லிய குரல் வந்தது:

"மகளே, இனிப்பாயிருந்தனவோ?"

இனிப்பாக இருந்தன என்று ஒத்துக்கொண்டேன். மாதாவை நோக்கிச் சொல்லும் பிரியதத்த மந்திரம் மூன்று அபராதம். பழத்துக்கு ஒரு மந்திரம் என்று கணக்கிட்டு, இது மலிவு என்று மகிழ்ந்தேன். பகலில் அவர் மரத்தடியில் நின்று அண்ணாந்து பார்த்தார். பிறகு வரிசையில் போன என் வீங்கிய உதட்டைப் பார்த்தார். வாயைத் திறந்தார், மூடிக்கொண்டார். தோட்டக்காரரிடம் திரும்பி, அணில்கள் பெருகிவிட்டனவே என்று வருந்தினார்.

இனித் திருடமாட்டேன் என்ற பிரதிக்கினை இல்லாமல் பாவமன்னிப்பு இல்லை. அந்தப் பிரதிக்கினையை நான் ஒவ்வொரு முறையும் உண்மையாகவே செய்தேன். அடுத்த பழம் சிவக்கும்வரை அதை உறுதியாகக் கடைப்பிடிக்கவும் செய்தேன். நான்காம் முறை போனபோது பலகைக்கு அப்பால் பெருமூச்சு கேட்டது. இம்முறை மந்திரம் போதாதென்றும், பள்ளியாண்டு முடியும்வரை நாள்தோறும் விடியலில் அத்திமரத்துக்கு ஆறு குடம் தண்ணீர் ஊற்ற வேண்டுமென்றும் சொன்னார். இப்படி ஓர் அபராதம் எந்த ஞானோபதேசப் புத்தகத்திலும் இல்லை. யாரிடம் போய் முறையிடுவது?

ஊற்றினேன். என் துரதிருஷ்டம், தண்ணீர் கண்ட மரம் இரண்டு மடங்கு காய்த்தது. ஆனால் குடம் சுமந்து தோள் கன்றியவளுக்குப் பழத்தின் மேல் ஆசை போய்விட்டது. சுவாமியார் அதையும் எண்ணித்தான் சொல்லியிருப்பார்.

அவர் எண்ணாதது ஒன்று உண்டு. கன்னியருக்குத் தலைவியான மதரின் அறைச் சன்னல் அத்திமரத்தை நோக்கியிருந்தது. பனியிலும் மழையிலும் யாரும் ஏவாமல் ஒரு பெண் சுவாமியாரின் மரத்துக்குத் தண்ணீர் சுமப்பதை மதர் ஆறு மாதம் பார்த்தார். ஒரு நாள் காரணம் கேட்டார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அதைத் தாழ்ச்சி என்று கொண்டார். என் வாழ்நாளில் என்னைத் தாழ்ச்சியுள்ளவள் என்று நம்பியவர் அவர் ஒருவரே.

வியாழக்கிழமைப் பிற்பகல்களில் நாங்கள் எல்லாரும் தோல்காரர் தெருவுக்குச் சேவைக்குப் போவோம். சுண்ணாம்பு அரித்த விரல்களைக் கழுவித் தேங்காயெண்ணெய் தடவிக் கட்டுவது வேலை. நான் காற்று வரும் பக்கமாகப் பார்த்து உட்கார்ந்து குழந்தைகளுக்குப் பாட்டுச் சொல்லித் தருவேன். சவுரியம்மாள் மண்டியிட்டு ஒவ்வொரு விரலாகக் கட்டுவாள். வியாழன் மட்டுமன்று, எல்லா மாலையும் கட்டினாள். ஆனால் அது அவள் தெரு; ஆதலால் அது சேவையாக யார் கண்ணிலும் படவில்லை. "அந்தப் பெண் அவள் வீட்டுக்குத்தானே போகிறாள்" என்றார் மதர்.

ஆண்டுவிழாவுக்கு முந்தின நாள் பதக்கம் எனக்கென்று தெரிந்தது. விடுதியே என்னைச் சூழ்ந்துகொண்டது. சவுரியம்மாளும் வந்து, நல்லதாப் போச்சு என்று சொல்லிவிட்டு, கண்ணாடி அலமாரிப் பக்கம் பாராமல் வேகமாக நடந்து போனாள். அந்த வேகத்தை என்னால் தாங்க முடியவில்லை. மரத்தடிக்கு ஓடினேன். சுவாமியார் கிளையிலிருந்து எறும்புகளைத் தட்டிக்கொண்டிருந்தார்.

"சாமி, நீங்களே மதர் கிட்ட சொல்லிடுங்க. எனக்கு வேணாம்."

"என்ன சொல்ல வேண்டும் மகளே? எனக்கொன்றும் தெரியாதே."

"உங்களுக்குத் தெரியும் சாமி."

"நான் அறிந்ததெல்லாம் அணில்களைப் பற்றித்தான்" என்றார். முகத்தில் ஒன்றுமே இல்லை. நான் போட்ட பூட்டு. சாவி அவரிடம் இல்லை. பிறகு எறும்புகளிடம் திரும்பிக்கொண்டார்.

மறுநாள் மேடையில் மதர் என் பெயரை அழைத்தார். முன்வரிசையில், கலவையிலிருந்து வந்த புழுதிக் காலோடு என் தந்தை உட்கார்ந்திருந்தார். மேடையேறினேன்.

"மதர், நான் தண்ணி ஊத்தினது சேவையில்ல. சாமியோட பழத்தத் திருடித் தின்னேன். அதுக்கு அபராதம். சேவை பண்ணது சவுரியம்மா. தெனமும் பண்ணா. நான் காத்து வர்ற பக்கம்தான் குந்திக்கினு இருந்தேன்."

என் தந்தை துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். மதர் மெல்லச் சுவாமியாரின் பக்கம் திரும்பி, இது தங்களுக்குத் தெரியுமா என்று கேட்டார். அவர் கூரையை அண்ணாந்து பார்த்தார். அணில்கள் என்றே இதுவரை சொல்லி வந்ததாகவும், அணில் பேசி இன்றுதான் கேட்பதாகவும் சொன்னார். முதலில் சிரித்தவர் தோட்டக்காரர்.

பதக்கம் அன்று யாருக்கும் கிடைக்கவில்லை. அடுத்த வியாழக்கிழமை மதர் தாமே தோல்காரர் தெருவுக்கு நடந்து போனார். திண்ணமாகச் சொல்வேன், அந்தத் தெருவில் அவர் காலடி பட்டது அன்றுதான் முதல் முறை. திரும்பி வந்து அலமாரியைத் திறந்து, பதக்கத்தைச் சவுரியம்மாளின் கழுத்தில் தாமே கட்டினார். அவள் எனக்கு நன்றி சொல்வாள் என்று காத்திருந்தேன்.

"அத்தினி பழம் தின்னியே, ஒண்ணாச்சும் எனக்குக் குடுத்தியாடி?" என்றாள்.

ஆண்டு முடிந்து நான் மூட்டை கட்டிக்கொண்டு ஊருக்குப் புறப்பட்ட அன்று சுவாமியார் என்னைக் கூப்பிட்டு வாழையிலைப் பொட்டலம் ஒன்றைத் தந்தார். உள்ளே இரண்டு பழங்கள். "இவற்றை நீ அறிக்கையிட வேண்டியதில்லை" என்றார். ஒன்றைச் சவுரியம்மாள் தின்றாள். மற்றதை நான் தின்றேன். இரண்டு பேர் உதடும் எரிந்தது.

சவுரியம்மாள் பேரணாம்பட்டுப் பக்கம் முப்பது ஆண்டு பாடம் நடத்தி ஓய்ந்து, போன மழைக்காலத்தில் போய்விட்டாள். அத்திமரம் இருந்த இடத்தில் இப்போது சைக்கிள் நிறுத்துகிறார்கள். கோயிலில் அந்தப் பழைய தொட்டி இல்லை; குருவானவருக்கு எதிரே நாற்காலியில் உட்கார்ந்து பேசுகிறார்கள் இளைஞர்கள். தொழிற்சாலைகளில் ஆவாரம்பட்டையும் இல்லை. ஏதேதோ உப்புகளின் நெடி. ஒரு காலத்தில் மூக்கைப் பொத்திக்கொண்டு வெறுத்த அந்தப் பழைய வாடையைத் தேடிக் கடைத்தெருவில் சற்று நின்றேன், காணோம்.

கடைக்காரர் பொட்டலத்தைக் கட்டியபடி, எப்படியிருக்கிறது அஞ்சீர் என்று கேட்டார். இனிப்புதான் என்று ஒத்துக்கொண்டேன். வழியில் இன்னொரு முறை உதட்டைத் தடவிப் பார்த்தேன். எரியவில்லை.