அலையில்லாத கடலில் மின்சாரம்

அதிராம்பட்டினத்துக் கடலில் அலை கிடையாது. சேற்றில் கால் புதையப் புதைய நடந்தால் வெகுதூரம் வரை இடுப்பளவுதான் தண்ணீர். எருமை படுத்த குளம் போல அசையாமல் கிடக்கும். அந்தக் கடலின் அலையிலிருந்துதான் மின்சாரம் எடுக்கலாம் என்று ஆய்வு செய்து சொன்னார்கள். ஆய்வுக்காரர்கள் வந்தது கார்த்திகையில், புயல் கூண்டு ஏற்றியிருந்த வாரம். மிதவையைப் போட்டார்கள், அது குதித்தது, சாத்தியம் என்று எழுதிக்கொண்டு பிரியாணி சாப்பிட்டுவிட்டுப் போனார்கள். புயல் ஓய்ந்த பிறகு வந்து பார்க்க எந்தப் புண்ணியவானுக்கும் நேரமில்லை. மந்திரியின் தொகுதி, வேறென்ன ஆய்வு வேண்டும்?

அடிக்கல் விழாவை உடனே வைத்திருக்கலாம். மேடைக்கு மேடை பகுத்தறிவு பேசுகிற கட்சிக்காரர்கள்தான், ஆனாலும் மார்கழியில் கல் நட மனம் வரவில்லை. தை பிறக்கட்டும் என்றார்கள். தையில் எங்கள் கடைமடை வாய்க்கால் வற்றிவிடும். பிந்தி நட்ட சம்பா பால் பிடிக்கிற சமயம் அது, போர் மோட்டார் ஒன்றுதான் கதி. நிலம் மிராசுதாருடையது, வெறும் வாய்ப்பேச்சுக் குத்தகை. ஒரு போகம் பொய்த்தால் எங்களை வெளியேற்றிவிடலாம் என்று அவர் காத்திருந்தார்.

விழாப் பந்தலை எங்கள் வயலுக்குப் பக்கத்துத் திடலில் போட்டார்கள். கடற்கரைச் சேற்றில் மந்திரியின் வேட்டி அழுக்காகிவிடுமாம். சீரியல் விளக்குகளுக்கு எங்கள் லைனில்தான் கொக்கி போட்டார்கள். அன்று மாலையே டிரான்ஸ்பார்மர் புகைந்து போனது. அவர்களுக்கு உடனே ஜெனரேட்டர் வந்துவிட்டது.

அப்பா ஒன்றியச் செயலாளரிடம் போய் நின்றார், நானும் கூடப் போனேன்.

"பயிர் பால் பிடிக்குதுங்க. சீக்கிரம் டிரான்ஸ்பார்மர் மாத்தச் சொல்லுங்க. இல்லேன்னா நிலமே கையை விட்டுப் போயிடுங்க."

"என்ன பெரியவரே, கடல்லேருந்தே கரன்ட் எடுத்துத் தரப்போறோம், நீங்க ஒரு டிரான்ஸ்பார்மருக்குப் போய் அழுவுறீங்களே!"

சிரித்துக்கொண்டே அப்பாவுக்கு ஒரு துண்டைப் போர்த்தி அனுப்பினார். இன்றைக்கு நினைத்தாலும் அந்தச் சிரிப்பின் மேல் காறித் துப்பத் தோன்றுகிறது எனக்கு.

டிரான்ஸ்பார்மர் மாசியில் வந்தது. அதற்குள் கதிரெல்லாம் பதராகியிருந்தது. மிராசுதார் ஒரு கதிரை உருவி உள்ளங்கையில் கசக்கி ஊதினார், ஒன்றும் மிஞ்சவில்லை. குத்தகைக்காரனுக்குச் சட்டம் காவல் என்று மேடையில் முழங்கியவர்களில் ஒருவர்கூட எட்டிப் பார்க்கவில்லை. நட்ட கல்லில் யாரோ ஆடு கட்டத் தொடங்கியிருந்தார்கள்.

அடுத்த நடவுக்கு அதே வயலில் அப்பா கூலிக்கு நாற்றுப் பறித்தார்.